இருபத்தேழாம் தேதி வரை

சென்னை
4.6.2025

அண்ணனுக்கு,

நீங்கள் என் எண்ணை பிளாக் செய்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. நம் வீட்டு குரூப்பிலிருந்தும் என்னைத் தூக்கிவிட்டீர்கள். அண்ணியின் போனுக்கு அடித்தால் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, நான் கத்துவதை ஆபீஸ் முழுக்கக் கேட்க வைப்பீர்கள். அதனால்தான் பேப்பரும் பேனாவும். கடிதத்தை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

மே 25 அன்று உங்கள் இரும்பு வார்ப்பு பவுண்டரி முதலாளிகள் சங்கம் நடத்திய விழாவுக்குப் பெயர் என்ன? கல்வி ஊக்கப் பரிசளிப்பு விழா. பிளஸ் டூவில் நிறைய மார்க் எடுத்த, சங்க உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறப்பு விருந்தினராக மைக்கைப் பிடித்த நீங்கள் அவர்களைப் பார்த்து என்ன சொன்னீர்கள்? நானே எழுதுகிறேன். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"இந்த மார்க்கை வெச்சு என்னங்க பண்ணப்போறீங்க? நான் பத்தாவதுங்க. எங்கிட்ட எட்டு இன்ஜினியருங்க கை கட்டி வேலை செய்யறாங்க. என்ற தங்கச்சி பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டிருக்குதுங்க. தலைவலின்னா ஒரு மாத்திரை குடுக்கத் தெரியாதுங்க!"

மண்டபமே சிரித்தது. அது போதாதென்று, நாற்காலி எடுத்துப் போட வந்திருந்த உங்கள் பவுண்டரித் தொழிலாளி ஐயாசாமியை மேடைக்குக் கூப்பிட்டீர்கள். "இவன் எந்தக் காலேஜுங்க? அச்சு மணலை ஒரு கை அள்ளிப் புடிச்சான்னா ஈரம் எத்தனைன்னு சொல்லிப்போடுவான். எம்.டெக். படிச்ச புள்ளைக்கு அதுக்கு ஒரு மெசின் வேணுமாமா." அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அதைத்தான் யாரோ வீடியோவாக வெட்டிப் போட்டு, பதினோரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

நேற்று எங்கள் கல்லூரியில் அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு அப்பா, மகளோடு வந்து விண்ணப்பத்தைத் திரும்பக் கேட்டார். ஆறு மாதத்தில் ஏதோ வீடியோ எடிட்டிங் கற்றுக்கொடுக்கிறார்களாம், அதில் சேர்க்கப் போகிறாராம். ஏன் என்று கேட்டேன். போனை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டி, "பாருங்க மேடம், எவ்ளோ பெரிய மனுஷன், எவ்ளோ கரெக்டா சொல்றாரு" என்றார். உங்கள் முகம். என்னைப் பற்றிய அந்தச் சிரிப்பு வரும் வரைக்கும் முழுசாகப் பார்க்க வைத்தார். அந்த டாக்டர் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் இருந்த கிளார்க் ரிஃபத் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் புள்ளியியல் துறைக்கு இந்த வருடம் இதுவரை வந்த விண்ணப்பம் பதினொன்று. அதில் ஒன்று நேற்று போய்விட்டது. நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னதாக ஒரு வார்த்தை வெளியே சொல்லுங்கள். அந்த வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

கோபத்துடன்,
கலாமணி

*

பெரியநாயக்கன்பாளையம்
10.6.2025

அம்மணிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் கையால் கடிதம் எழுதி முப்பது வருடம் இருக்கும். எனக்குத் தெரிந்தது பத்தாம் வகுப்புத் தமிழ். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துக்கொள், உனக்கு அது பழக்கம்தானே.

நான் சொன்னதில் எது பொய்? போன மாதம் ஒரு பையன் வேலை கேட்டு வந்தான். நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தவன். அளந்து காட்டு என்று வெர்னியரைக் கையில் கொடுத்தேன். என்னவென்று தெரியாமல் அதை போட்டோ எடுத்தான். நான் பதினாறு வயதில் லேத்தில் நின்றவன். அப்பா போன பிறகு, நீ படிக்க வேண்டும் என்று நான் படிப்பை விட்டேன். அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் நான் விட்ட படிப்பு என்னவோ பெரிய சொர்க்கம், அதற்கு வெளியே இருக்கிறவன் எல்லாம் மடையன் என்று நீங்கள் நடந்துகொள்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

நீ மறந்திருப்பாய். எட்டு வருடத்துக்கு முன் உன் பிளாட் கிரகப்பிரவேசம். உன் காலேஜ் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து ஹாலில் நின்றார்கள். நீ ஒவ்வொருவரையும் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டே வந்தாய். நான் வேட்டியைச் சரி செய்துகொண்டு நின்றேன். என்னிடம் வந்ததும், "அண்ணா, கேட்டரிங்காரர் சாம்பார் கொண்டு வந்துட்டாரான்னு கீழ போய்ப் பாருங்க" என்றாய். போனேன். வாட்ச்மேன் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றேன். அப்புறம் மேலே வர மனசு வரவில்லை. நேராக சென்ட்ரலுக்குப் போய் ரயிலேறிவிட்டேன். பவுண்டரியில் அவசரம் என்று போனில் சொன்னேன். நீ சரி என்றாய்.

மேடையில் நான் பேசியதும் எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். அந்த மண்டபத்தில் படிக்காதவன் நான் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐயாசாமியை நான் கேலி செய்யவில்லை. இருபத்தாறு வருடமாக என் உலைச் சூட்டில் நிற்கிறவன். அவனை யார் மேடை ஏற்றினார்கள்? எந்தக் காலேஜ் ஏற்றியது? நான் ஏற்றினேன். இரண்டு நாள் அந்தத் துண்டைக் கழற்றவில்லை என்று அவன் பெண்சாதி பாவாத்தாள் உன் அண்ணியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இன்னொன்றும் கேள். என் பேச்சால் உன் காலேஜில் ஒரு விண்ணப்பம் போனது என்று அழுதாயே, இங்கே ஒரு நல்லது நடந்திருக்கிறது. ஐயாசாமி தன் மகளைக் காலேஜுக்கு அனுப்பவில்லை. "மூணு வருசம் எதுக்குங்க வீணா, நம்ம கோர் ஷாப்புல ஒரு எடம் குடுங்க" என்று வந்து நின்றான். வரும் திங்கள்கிழமையிலிருந்து வருகிறாள். வீட்டுக்குப் பக்கம், பத்திரமான இடம், பெண்கள்தான் அங்கே மணலில் கோர் பிடிக்கிறார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உன் அண்ணன்,
ஈஸ்வரமூர்த்தி

*

சென்னை
14.6.2025

அண்ணா,

மகள் என்று எழுதினீர்களே, அந்தப் பெண்ணின் பெயர் இளவேனில். உங்களுக்குப் பெயர் தெரியாது என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்கு பவுண்டரியில் பானை வைத்தபோது என்னிடம் வந்தாள். கையில் ஒரு நோட்டு. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டவுன் பஸ் தினமும் எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று மூன்று மாதம் குறித்து வைத்திருந்தாள். மழை நாள் தனி, வார நாள் தனி. வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் பத்தில் ஒன்பது நாள் பஸ் தப்பாது என்று கணக்குப் போட்டிருந்தாள். "இதுக்குன்னு படிப்பு இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது, அதைத்தான் நான் நடத்துகிறேன் என்றேன். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். பாடம் என்னவென்று தெரியும் முன்பே அதைச் செய்துகொண்டு வந்த பிள்ளை அவள் ஒருத்திதான்.

அவள் மார்க் என்ன தெரியுமா? உங்கள் மேடையில் பரிசு வாங்கிய எல்லாரையும் விட அதிகம். முதலாளி வீட்டுப் பிள்ளை இல்லை என்பதால் பட்டியலில் இல்லை. கோயமுத்தூரில் அரசுக் கல்லூரியில் புள்ளியியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அண்ணிதான் போன மாதம் சந்தோஷமாகச் சொன்னார். ஜூன் 27-ஆம் தேதிக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும்.

நீங்கள் ஐயாசாமியிடம் சொன்னால் போதும். அவர் உங்கள் பேச்சைக் கட்டளையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். மேடையில் ஏற்றித் துண்டு போட்டால் வேறெப்படி எடுத்துக்கொள்வார்?

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடியவில்லை. உங்கள் மகன் கிருபாசங்கர் எங்கே இருக்கிறான்? ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். ஏன் அனுப்பினீர்கள்? மணலை அள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து ஐயாசாமி பக்கத்தில் நிறுத்தியிருக்கலாமே? படிப்பு வீண் என்று மேடையில் சொன்னவர், ஏர்போர்ட்டில் அவனைக் கட்டிப்பிடித்து அழுத போட்டோவை குரூப்பில் போட்டவர்தானே? ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், உங்கள் பிள்ளைக்கு ஒரு நியாயம். உங்கள் பேச்சைக் கேட்டுக் கை தட்டிய அத்தனை முதலாளிகள் வீட்டிலும் பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கை தட்டிவிட்டுப் போய் ஃபீஸ் கட்டுவார்கள். அந்தப் பேச்சை நிஜம் என்று நம்பியவர் ஐயாசாமி ஒருவர்தான்.

கிரகப்பிரவேசத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாற்பது பேர் சாப்பிட உட்காரும் நேரம், சாம்பார் வரவில்லை. உங்களைவிட நம்பி யாரை அனுப்புவேன்? இதை எட்டு வருடம் மனசில் வைத்திருந்து மைக்கில் கொட்டுவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

27-ஐ மறக்க வேண்டாம்.

கலாமணி

*

பெரியநாயக்கன்பாளையம்
20.6.2025

அம்மணிக்கு,

கிருபாவை இதில் இழுக்காதே. அவன் பவுண்டரியை எடுத்து நடத்தப் போகிறவன். பெரிய கம்பெனிக்காரன் வந்தால் அவன் பாஷையில் பேச வேண்டும். ஐயாசாமி மகள் எந்த பவுண்டரியை எடுத்து நடத்தப் போகிறாள்? அவனவன் பிள்ளையை என்ன செய்வதென்று அவனவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்லார் வீட்டுக்குள்ளும் வந்து அடிக்கோடு போடக் கூடாது.

நீ வியந்து எழுதிய இளவேனில் திங்கட்கிழமை வந்துவிட்டாள். பெயர் எனக்குத் தெரியும். உன்னிடம் இல்லாத ஒரு செய்தி சொல்கிறேன். பம்புக்குள்ளே தண்ணீர் போகிற வழி விழுவதற்காக மணலில் கட்டி பிடித்துச் சுடுவோமே, அந்தக் கோர் எங்களுக்கு எடுக்கும்போதே நிறைய உடைந்துகொண்டிருந்தது. இவள் வந்த மூன்றாம் நாள் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறாள், எந்த மணிக்கு எத்தனை உடைகிறது என்று. சாப்பாட்டுக்கு அப்புறம் முதல் ஒரு மணி நேரத்தில்தான் பாதிக்கு மேல் உடைகிறது. போய்ப் பார்த்தால், சாப்பாட்டு நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அது மறுபடி சூடேறுவதற்குள் இவர்கள் வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். கோர் சரியாக வேகாமல் உடைகிறது. என் எட்டு இன்ஜினியர்களுக்கு மூன்று வருடமாகத் தெரியாதது, பிளஸ் டூ படித்த பெண்ணுக்கு மூன்று நாளில் தெரிந்தது. காலேஜுக்குப் போகாமலே! இப்போது என்ன சொல்கிறாய்?

"கணக்கு நல்லாப் போடறே கண்ணு" என்றேன். ஏதோ சொல்ல வந்த மாதிரி நின்றாள். அதற்குள் எனக்கு போன் வந்துவிட்டது.

சாம்பார் கதையை நீ வேறு யாரிடமாவது சொல். உன் தம்பிமுறை ஆள் ஒருத்தன் அங்கே சும்மாதான் நின்றான். அவனை அனுப்பியிருக்கலாம்.

சரி, ஐயாசாமியிடம் பேசுகிறேன். அவன் நான் சொன்னால் கேட்பான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்கு முன் நீ எனக்கு ஒரு வரி எழுது. அன்றைக்கு நடந்தது தப்பு என்று. உண்மையாக எழுது. அது வந்த அன்றைக்கே நான் அவன் வீட்டுக்குப் போகிறேன். நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி

*

சென்னை
24.6.2025

அண்ணா,

உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. ஒரு பெண்ணின் மூன்று வருடப் படிப்பை வைத்து என்னிடம் பேரம் பேசுகிறீர்கள். காங்கேயத்துச் சந்தையில் துண்டுக்குள் கை பிடித்து மாட்டுக்கு விலை பேசுவது போல.

மன்னிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வரி எழுதினேன், அடித்தேன். இரண்டாவது தாளும் போனது. நான் எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியும். அதை அண்ணிக்குப் படித்துக் காட்டுவீர்கள், சங்கத்தில் வாய்மொழியாகச் சொல்வீர்கள். "பாத்தீங்களா, டாக்டரம்மா எறங்கி வந்துட்டாங்க" என்பீர்கள். படித்தவள் தலை குனிந்ததை இன்னொரு மேடையில் சொல்ல உங்களுக்கு ஆசை இருக்காது என்று எனக்கு உறுதி இல்லை.

அதனால் நீங்கள் முதலில் செய்யுங்கள். வீடியோ அளவுக்கு வேண்டாம், சங்க குரூப்பில் ஒரு வரி போடுங்கள். 'நான் சொன்னது தவறு, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள்' என்று. அதைப் பார்த்த நிமிடம் நான் எழுதுகிறேன்.

சாக்பீஸ் கோட்டைப் பற்றி எழுதினீர்கள். படித்துவிட்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அண்ணா, படிக்காமல் இவ்வளவு தெரிகிறவளுக்குப் படித்தால் எவ்வளவு தெரியும் என்று ஒரு தடவையாவது உங்களுக்குத் தோன்றவில்லையா? உடைகிற கோரை எண்ணியவள், நாளைக்கு ஒரு மாவட்டத்தின் காய்ச்சலை எண்ணுவாள், மழையை எண்ணுவாள். எந்தக் கிணறு எந்த வருடம் வற்றும் என்று உங்கள் ஊருக்கே சொல்வாள். அதற்குக் கருவி வேண்டாமா? உங்கள் லேத்தை நகத்தால் சுரண்டி ஓட்டுவீர்களா? ஒரு துறை என்பது ஆயிரம் பேர் முட்டி மோதிக் கண்டுபிடித்ததை ஒருத்தியின் கையில் மூன்று வருடத்தில் கொடுப்பது. அதை அவள் தனியாக, சுவரில், சாக்பீஸால் முதலிலிருந்து கண்டுபிடிக்கட்டும் என்கிறீர்கள்.

ஐந்து பக்கம் ஆகிவிட்டது. இதை எழுதும்போதே அண்ணிக்கு போன் செய்தால் என்ன என்று இரண்டு தடவை தோன்றியது. நீங்கள்தான் எடுப்பீர்கள், நான் கத்துவேன், எல்லாம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். 27 காலைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

கலாமணி

*

பெரியநாயக்கன்பாளையம்
6.7.2025

அம்மணி,

உன் கடிதம் 27 காலையிலேயே வந்திருக்கிறது. ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கி மேஜையில் வைத்திருந்தார்கள். நான் 26 மதியமே உடுமலைப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டேன், பங்காளி வீட்டுக் கல்யாணம். 29 ஞாயிற்றுக்கிழமை வந்துதான் பிரித்தேன். மாட்டுச் சந்தை என்று எழுதியதைப் படித்ததும் அப்படியே மடித்து டிராயரில் போட்டுவிட்டேன். மீதியைப் படிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

ஒன்றாம் தேதி, நம்மிடம் வார்ப்பு வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து மூன்று பேர் சோதனைக்கு வந்தார்கள். மூன்று பேருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அதில் ஒரு பையன் அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். ஐயாசாமியைப் பார்த்ததும், "சார், அந்த மணல் புடிக்கறவர் இவருதானே?" என்று பக்கத்தில் நின்று செல்பி எடுத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஐயாசாமி, ஒரு கை அள்ளிக் காட்டப்பா" என்றேன். அவன் அள்ளிப் பிடித்தான். கண்ணை மூடினான். சொல்வதற்கு வாயைத் திறந்தான்.

அதற்குள் அந்தப் பையன், "அது இருக்கட்டுங்க சார், லேப் ரிப்போர்ட் குடுங்க" என்றான். ரித்திகா பைலைக் கொண்டு வந்தாள். நான் மேடையில் மெசின் வேணுமாமா என்று சொன்னேனே, அந்த எம்.டெக். பெண் அவள்தான். மூன்று பேரும் பைலைச் சுற்றி நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். அவளிடம் கேள்வி கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். முக்கால் மணி நேரம். கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவு நேரமும் ஐயாசாமி மணலைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். ஈரம் எத்தனை என்று அவனை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டு வருடமாக என் ஆர்டர் எல்லாம் அந்த பைலில்தான் நிற்கிறது, கலாமணி. மேடையில் நின்றபோதும் அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் உன் கடிதத்தை எடுத்து மீதியைப் படித்தேன்.

இருந்தும் நான்கு நாள் ஆனது, அவனிடம் போக. அவன் பெண்ணை அனுப்பச் சொல்ல வேண்டுமென்றால், அவனுக்குப் போட்ட துண்டை நானே இழுக்க வேண்டும். அவன் ஆயுசில் யாரும் அவனுக்கு வேறு எதுவும் போட்டதில்லை.

நேற்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. பாவாத்தாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சேர் வாங்கிவந்து போட்டாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன்.

"ஐயாசாமி, புள்ளையைக் காலேஜுக்கு அனுப்பு."

"ஏனுங்க மொதலாளி, வேலை செரியாச் செய்யறதில்லீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் செய்யுது. படிக்கட்டும்."

"நீங்கதானுங்க அன்னிக்குச் சொன்னீங்க, படிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்லீன்னு."

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யப்பா. கை தட்டுவாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம், "அப்ப என்ற கையைப் பத்திச் சொன்னதுங்க?" என்றான்.

"அது நெசம். ஆனா அதை வெச்சு எனக்கு யாரும் ஆர்டர் குடுக்கறதில்லை. ஒண்ணாந் தேதி நீயே பாத்தீல்ல."

"செரிங்க" என்றான். ஒரு மனுஷன் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "நாளன்னிக்கே கூட்டிட்டுப் போய்ச் சேத்துப்போடறேனுங்க" என்றான்.

உள்ளே இருந்து அந்தப் பெண் வந்தாள். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"இனிப் போக முடியாதுங்கப்பா. இருபத்தேழாந் தேதியோட முடிஞ்சுதுங்க" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "ஏனுங்க மொதலாளி, அந்தத் தேதி உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும் கண்ணு" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மெட்ராஸ் அக்காவுக்குங்க?"

"தெரியும்."

"எனக்கும் தெரியுமுங்க. எங்கப்பனுக்கு மட்டுந்தானுங்க தெரியாது. நான் அழுது பாத்தேன், மொதலாளி சொல்லீட்டாருன்னு ஒரே வார்த்தைல முடிச்சுப்போட்டாருங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாருன்னுதானுங்க கோர் ஷாப்புக்கே வந்தேன். பன்னெண்டு நாளு. நீங்க தெனமும் அந்தப் பக்கம் வந்தீங்க. கணக்கு நல்லாப் போடறேன்னு சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐயாசாமி சட்டைப் பொத்தானைப் போட்டபடியே நின்றான்.

வீடியோவை எடுக்கச் சொன்னேன். சங்கச் செயலாளர் சாய்சரண் சிரிக்கிறான். இருபது சேனலில் ஓடுகிறதாம், எங்கே போய் எடுப்பது என்கிறான்.

நீ எனக்கு மன்னிப்பு எழுத வேண்டாம். அதைக் கேட்டதே தப்பு. ஆனால் நாளையிலிருந்து தினமும் காலையில் நான் அந்தக் கோர் ஷாப் வழியாகத்தான் ஆபீஸுக்குப் போக வேண்டும். அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்வது? நீ படித்தவள். எழுது.

உன் அண்ணன்,
ஈஸ்வரமூர்த்தி

*

சென்னை
9.7.2025

அண்ணா,

நீங்கள் கேட்ட பதில் என்னிடம் இல்லை. படித்ததில் எதிலும் இல்லை.

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். சாம்பார் நான் சொன்ன பொய். அது ஒரு மணி நேரம் முன்பே வந்து, சமையலறையில் இருந்தது. எங்கள் துறைத்தலைவர் உங்களிடம் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிடுவாரோ, நீங்கள் விழிப்பீர்களோ என்று பயந்து உங்களைக் கீழே அனுப்பினேன். என்னைப் படிக்க வைத்தவரைப் பார்த்து வெட்கப்பட்டேன். நீங்கள் ரயிலேறியது தெரிந்தபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இந்த வரிகளை 14-ஆம் தேதியே எழுதியிருந்தால் நீங்கள் அன்றைக்கே ஐயாசாமி வீட்டுக்குப் போயிருப்பீர்கள். பதிமூன்று நாள் இருந்தது. நான் ஐந்து பக்கம் எழுதினேன், இதை மட்டும் எழுதவில்லை.

கல்லூரிக்கு போன் செய்து விசாரித்தேன். புள்ளியியலில் இடம் நிரம்பிவிட்டது. காத்திருப்புப் பட்டியலில் அடுத்திருந்தவரைச் சேர்த்துவிட்டார்கள், விதிப்படிதான் செய்திருக்கிறார்கள். இனி அடுத்த வருடம்தான் விண்ணப்பிக்க முடியும். அதுவரை என்ன செய்யலாம் என்று அவளிடமே கேட்பது என்று முடிவு செய்து, இன்று காலை போனைக் கையில் எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் உறைத்தது. பொங்கலன்று அவளோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். ஒரு மாதமாக அவளுக்காக உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். கல்வியின் அருமையைப் பக்கம் பக்கமாக உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அவளுடைய நம்பர் என்னிடம் இல்லை, அண்ணா. நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

கலாமணி